ஜப்பான் காரில் எங்கட றேடியோ

ஜப்பானில் ஓடின கார் யாழ்ப்பாணம் வந்ததும் அதன் வழிகாட்டித் திரை வழி தெரியாமல் முழிக்கும். ஏன் தெரியுமா? செய்மதி சமிக்ஞை எல்லா நாட்டுக்கும் பொது. உள்ளே இருக்கிற வரைபடம்தான் ஜப்பானுடையது, எழுத்தும் அந்த மொழி. வானொலியும் அப்படியே. அங்கத்தைய பழைய செற்றுகளில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. எங்கட நிலையங்கள் 88 முதல் 108 வரை. பிறகு என்னத்தைக் கேக்கிறது?

ஆகவே பலர் வேறு செற் வாங்கிப் பூட்டுகிறார்கள். பல டொயோட்டாக்களில் அந்த இடம் 200 மில்லிமீற்றர் அகலம். பொதுவான செற் 178. இரு பக்கமும் சட்டம் வைத்தால் சரி.

விஷயம் வயரில்தான் இருக்கு. புதுச் செற்றின் மஞ்சள் வயருக்கு எந்நேரமும் மின் வேண்டும். நேரத்தையும் நிலையங்களையும் மறக்காமல் வைத்திருப்பது அது. சிவப்புக்குத் திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வரவேண்டும். இரண்டையும் மாத்திப் பூட்டினால் கார் நிற்கிற ஒவ்வொரு முறையும் எல்லாம் அழிஞ்சு போகும்! காரின் சொந்த வயர்களுக்கோ வேறு நிறங்கள். அதனால் நிறத்தைப் பார்த்து முறுக்காமல், வெட்டாமல், பொருத்தமான பிளக்கைப் போடுவதே நல்லது.

இன்னொரு வயர் ஹாண்ட் பிறேக்குக்குப் போகும். பிறேக் இழுத்திருந்தால்தான் திரையில் படம் ஓடும். சிலர் அந்த வயரைக் காரின் இரும்பில் பூட்டிவிடுகினம். பிறேக் இழுத்திருக்கு எண்டு செற் நம்பிவிடும். பிறகென்ன, ஓட்டுகிறவர் படம் பார்க்கிறார். அவருக்கு முன்னால சைக்கிளில் போறது நாங்கள்தானே?