பெயரடைக்குப் பின் வருவது ‘ரு’வா, ‘தற்’றா?



“எனக்கு ஆங்கிலம் கதைப்பது கடினம்” என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தரம் 11 இல் படிக்கும் பலர் இவ்வாறு எழுதுவர்:

“ஐ ஆம் டிஃபிகல்ற் ரு ஸ்பீக் இங்லிஷ்.”

எழுத்துக்கூட்டலில் பிழையில்லை, சொற்களும் சரி. ஆனால் வாக்கியம் பிழை. ‘டிஃபிகல்ற்’ என்ற பெயரடை இங்கே ‘நான்’ என்பதோடு ஒட்டிக்கொள்கிறது. கடினமானது நீங்களா? இல்லை, கதைத்தல் என்ற செயல்தான் கடினமானது. ஆகவே சரியான வாக்கியம்:

“இற் இஸ் டிஃபிகல்ற் ஃபோ மீ ரு ஸ்பீக் இங்லிஷ்.”

(இப்பாடத்தில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து, ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலுக்கும் அது நல்ல பயிற்சி.)

இந்தப் பிழை ஏன் வருகிறது? தமிழில் “எனக்குக் கடினம்” என்கிறோம். “எனக்கு மகிழ்ச்சி” என்றும் சொல்கிறோம். இரண்டிலும் ‘எனக்கு’ என்பதே வருகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. மகிழ்ச்சி என் மனத்தில் உள்ளது; எனவே “ஐ ஆம் ஹப்பி”. கடினம் செயலில் உள்ளது. எனவே “இற் இஸ் டிஃபிகல்ற் ஃபோ மீ”. ஒரு பெயரடையைக் கண்டதும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இது ஒருவரின் மனநிலையைச் சொல்கிறதா, ஒரு செயலின் தன்மையைச் சொல்கிறதா?

முதலில் மனநிலையைச் சொல்லும் பெயரடைகளை நோக்குவோம். ஹப்பி, கிளாட், சொறி, சாட், பிறவுட், சர்ப்பிறைஸ்ட், அஃப்ரெய்ட் முதலியன இவ்வகையின. இவற்றுக்குப் பின் ‘ரு’வோடு வினையின் மூலவடிவமும் வரலாம், ‘தற்’ என்று தொடங்கும் உபவாக்கியமும் வரலாம். யாழ்தேவியை எடுத்துக்கொள்வோம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. அன்றைய மகிழ்ச்சியை இரண்டு விதமாக எழுதலாம்:

“த பீப்பிள் வேர் கிளாட் ரு சீ த ட்ரெயின் அகெய்ன்.”
“த பீப்பிள் வேர் கிளாட் தற் த ட்ரெயின் ஹாட் கம் பக்.”

முதல் வாக்கியத்தில் மகிழ்ந்தவர்கள் மக்கள், பார்த்தவர்களும் அவர்களே. எழுவாய் ஒன்று, எனவே ‘ரு’ போதும். இரண்டாவதில் மகிழ்ந்தவர்கள் மக்கள், ஆனால் வந்தது புகையிரதம். எழுவாய் மாறிவிட்டது, எனவே ‘தற்’. மாறிய எழுவாயை ‘தற்’றுக்குப் பின் எழுதி அதற்குரிய வினையையும் காலத்தோடு எழுதவேண்டும். “ஐ ஆம் ஹப்பி ரு யூ பாஸ்ட்” என்று எழுதுவோர் ‘ரு’வுக்குப் பின் ஒரு முழு வாக்கியத்தைத் திணிக்கின்றனர். “ஐ ஆம் ஹப்பி தற் யூ பாஸ்ட்” என்பதே சரி. எழுவாய் ஒன்றாக இருக்கும்போதும் ‘தற்’ வரலாம் (“ஐ ஆம் சொறி தற் ஐ ஆம் லேற்”). எழுவாய் மாறும்போது வெறும் ‘ரு’ வராது.

தமிழில் ‘என்று’ உபவாக்கியத்தின் இறுதியில் வரும்; ஆங்கிலத்தில் ‘தற்’ அதன் தொடக்கத்தில் வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் ‘என்று’வை விட்டுவிட்டால் வாக்கியம் உடைந்துவிடும். ஆங்கிலத்தில் கிளாட், சொறி, ஷுவர் போன்றவற்றின் பின் ‘தற்’றை விட்டுவிடுவது பேச்சில் சாதாரணம். கிரகித்தல் பகுதியில் “ஐ ஆம் ஷுவர் ஹீ வில் கம்” என்று கண்டால் ஏதோ விடுபட்டுவிட்டது எனத் தடுமாறவேண்டாம்.

கடிதம் எழுதும்போது ‘ரு’, ‘தற்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருவதுண்டு. “ஐ ஆம் சொறி ரு ஹியர் தற் யுவர் மதர் இஸ் இல்” என்பதைப் பாருங்கள். இங்கே ‘ரு’ பெயரடைக்கு உரியது, ‘தற்’ ‘ஹியர்’ என்ற வினைக்கு உரியது. இதை அப்படியே மனனம் செய்துகொள்ளலாம். ‘அஃப்ரெய்ட்’ என்பதிலும் கவனம் தேவை. “ஷீ இஸ் அஃப்ரெய்ட் ரு கோ அலோன்” என்றால் தனியே போகப் பயப்படுகிறாள். “ஐ ஆம் அஃப்ரெய்ட் தற் ஐ கனொற் கம்” என்பதில் பயமே இல்லை. வரமுடியாது என்பதைப் பணிவாகச் சொல்லும் முறை அது.

இனிச் செயலின் தன்மையைச் சொல்லும் பெயரடைகள்: ஈஸி, டிஃபிகல்ற், ஹாட், டேஞ்சரஸ், இம்பொஸிபிள் முதலியன. புத்தூர் நிலாவரைக் கிணற்றை நீங்கள் அறிவீர்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

“இற் இஸ் டேஞ்சரஸ் ரு ஸ்விம் இன் திஸ் வெல்.”
“திஸ் வெல் இஸ் டேஞ்சரஸ் ரு ஸ்விம் இன்.”

இரண்டும் ஒரே பொருள். இரண்டாவதில் ‘வெல்’ முன்னே போய் எழுவாய் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ‘இன்’ பழைய இடத்திலேயே நிற்கிறது. அதை விட்டுவிடக்கூடாது. அதன்பின் ‘இற்’ சேர்க்கவும் கூடாது. “திஸ் சம் இஸ் ஈஸி ரு டு இற்” என்று எழுதுவது நம்மவர்களிடம் மிகச் சாதாரணமான பிழை. ‘சம்’ ஏற்கெனவே முன்னே இருக்கிறது, அதை மீண்டும் ‘இற்’ என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு விசித்திரம்: “திஸ் வேர்க் இஸ் இம்பொஸிபிள் ரு ஃபினிஷ்” சரி, அதில் ‘பொஸிபிள்’ என்று மாற்றினால் பிழை. “இற் இஸ் பொஸிபிள் ரு ஃபினிஷ் திஸ் வேர்க்” என்றே எழுதவேண்டும். ஏன் என்று கேட்டால், வழக்கு அப்படி என்பதற்கு மேல் உங்களுக்குப் பயன்படும் விடை இல்லை.

இப்போது இவ்விரண்டையும் ஒப்பிடுங்கள்:

“ரவி இஸ் ஈகர் ரு ரீச்.”
“ரவி இஸ் ஈஸி ரு ரீச்.”

வெளித்தோற்றத்தில் ஒரு சொல்தான் வேறு. முதலாவதில் ரவி கற்பிக்க ஆவலாக இருக்கிறான், அவன் ஆசிரியன். இரண்டாவதில் ரவிக்குக் கற்பிப்பது எளிது, அவன் மாணவன்! அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, ஈகர், ஈஸி என்னும் இதே இரு சொற்களை வைத்து 1960களில் விளக்கிய கருத்து இது: ஒரே அமைப்புப் போலத் தோன்றும் வாக்கியங்களுக்குள்ளே உறவுகள் தலைகீழாக இருக்கலாம்.

‘ஷுவர்’ என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர்.

“மாலா இஸ் ஷுவர் தற் ஷீ வில் பாஸ்.”
“மாலா இஸ் ஷுவர் ரு பாஸ்.”

முதலாவது: தான் சித்தியடைவேன் என்று மாலா உறுதியாக நம்புகிறாள். இரண்டாவது: மாலா சித்தியடைவது நிச்சயம். இந்த நிச்சயம் யாருடையது? மாலாவுடையதன்று, வாக்கியத்தைச் சொல்பவருடையது. மாலா பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாலும் அவளுடைய ஆசிரியர் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லலாம். ‘ரு’வும் ‘தற்’றும் வெறும் இலக்கண அலங்காரம் என்று நினைப்போர் இந்த இடத்தில் பொருளையே மாற்றிவிடுகின்றனர். ‘சேர்ற்றன்’ என்பதும் இவ்வாறே. ‘லைக்லி’யில் இந்தத் தொல்லை இல்லை: “இற் இஸ் லைக்லி தற் ஹீ வில் கம்”, “ஹீ இஸ் லைக்லி ரு கம்” இரண்டும் ஒன்றே.

நன்றிக் கடிதத்துக்கு இன்னொரு வடிவம் தேவை: “இற் இஸ் கைண்ட் ஒஃப் யூ ரு ஹெல்ப் மீ.” செயலைக் கொண்டு ஒருவரின் குணத்தைச் சொல்லும்போது (கைண்ட், நைஸ், ஃபூலிஷ்) ‘ஒஃப்’ வரும், ‘ஃபோ’ வராது.

எந்தப் பெயரடைக்கு எந்த அமைப்பு என்பதைத் தமிழ்க் கருத்திலிருந்து ஊகிக்க முடியாது. கருத்தை மட்டும் தரும் சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோண்பி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்காகவே, சொல்லைக் கையாளும் முறையையும் காட்டும் ஓர் அகராதியைத் தம் நண்பர்களுடன் தொகுத்தார். 1942 இல் தோக்கியோவில் வெளியான அதுவே பின்னர் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக உலகெங்கும் பரவியது. அதன் புதிய பதிப்பு ஒன்றைப் பாடசாலை நூலகத்திலோ பொது நூலகத்திலோ எடுத்து ‘ஷுவர்’ என்ற சொல்லைப் பாருங்கள். கருத்தைவிட உதாரண வாக்கியங்களை ஊன்றி வாசியுங்கள்.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக.

1. எனக்கு இருட்டில் தனியே போகப் பயம்.
2. நீங்கள் பரிசு பெற்றதையிட்டு நாங்கள் பெருமைப்படுகிறோம்.
3. அண்ணா வருவது நிச்சயம்.
4. தான் வெல்வேன் என்று அண்ணா உறுதியாக நம்புகிறார்.
5. மாரியில் இந்தக் கிணற்றில் குளிப்பது எங்களுக்குக் கடினம்.

ஐந்தாவதை இரண்டு விதமாகவும் எழுதுக. ‘கிணறு’ முதலில் வரும் வாக்கியத்தை எழுதியபின், ‘இன்’ விடுபட்டதா, தேவையற்ற ‘இற்’ சேர்ந்ததா என்று ஒருமுறை சரிபார்க்குக.