முதல் சத்திரசிகிச்சை எந்த மேசையில்?

திருகோணமலை பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்களுக்குப் புள்ளிமான்கள் பழகிய முகங்கள். நகரத்துக் குப்பையில் சோற்றோடு ஒட்டிய பொலித்தீனையும் அவை விழுங்கிவிடுகின்றன. கட்டாக்காலி மாடுகளின் கதையும் அதுதான். பொலித்தீன் செரிக்காது, இரைப்பையில் திரண்டு கட்டியாகிவிடும். மாடாக இருந்தால் இடது விலாப்புறத்தை மரக்கச் செய்து, நின்ற நிலையிலேயே வயிற்றைத் திறந்து, முதல் இரைப்பைக்குள் கைவிட்டு அள்ளி எடுக்கலாம். மானைப் பிடிப்பதே ஆபத்து. மிரட்சி மட்டுமே அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

இத்தகைய வேலைக்குத் துணிகிற கை, படிக்கும் காலத்திலேயே பழகியிருக்க வேண்டும். இலங்கையில் கால்நடை வைத்தியப் பட்டம் தரும் அரச பல்கலைக்கழகம் பேராதனை ஒன்றே. திருகோணமலை மாணவரும் அங்கேதான் போகவேண்டும். போதனா வைத்தியசாலைக்கு எந்த நாளில் எந்த நோயாளி வரும் என்று சொல்ல முடியாது. வருகிற ஒன்றைச் சுற்றிப் பல மாணவர்கள் நிற்பார்கள். கத்தியைப் பிடிப்பவர் ஒருவர்தான்.

எண்ணிக்கையில் குறையாமல் கிடைக்கும் சத்திரசிகிச்சை, நாய்களுக்கான கருத்தடை. ஆண் நாயில் தொடங்கிப் பெண் நாய்க்குப் போவது வழக்கம். பெண் நாயில் சூலகத்துக்குப் போகும் இரத்தக்குழாயைக் கட்டும் முடிச்சு வழுகினால் வயிற்றுக்குள் இரத்தம் பெருகும். அந்த முடிச்சின் இறுக்கத்தை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித் தராது. செயற்கைத் தோலில் தையல் பழகலாம். உயிருள்ள திசு வேறு.

ஊட்டியில் உலகக் கால்நடை வைத்தியச் சேவை என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் நடத்தும் பயிற்சி நிலையத்தில், மாணவர்களும் இளம் வைத்தியர்களும் அனுபவசாலிகளின் கண்காணிப்பில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து பழகுகிறார்கள். ஏழை மிருகத்தின்மேல் பரிசோதனையா என்ற கேள்வி நியாயமானது. அந்த நாய்க்கு எப்படியும் தேவைப்படுகிற சிகிச்சை, முறையான மயக்கமருந்து, வலிநிவாரணி, அருகிலேயே தேர்ந்த கை: இவை நான்கும் இருந்தால்தான் அது கல்வி. ஒன்று குறைந்தாலும் கொடுமை.

இலங்கையில் நாய்களைக் கொல்வது 2006இல் நிறுத்தப்பட்ட பின், கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியுமே வழி. திருகோணமலையில் கருத்தடை முகாம் ஒழுங்கு செய்யும் உள்ளூராட்சி சபைகளும் தொண்டமைப்புகளும் ஒவ்வொரு மேசையிலும் ஓர் இறுதியாண்டு மாணவருக்கு இடம் ஒதுக்க வேண்டும். நாய் வளர்ப்போர் தங்கள் நாய்களை நம்பி அங்கே கொண்டுவரலாம்.