கல்லாவில் அமர்பவருக்கு ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒத்துவருமா?

பேட்டரி இல்லாமல், தினமும் சாவி கொடுக்கும் வேலையும் இல்லாமல், கையில் கட்டியிருந்தாலே ஓடுவது ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம். ஒரு காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் கையில்தான் இதைப் பார்த்தோம். இன்று பத்து, பதினைந்தாயிரம் ரூபாயில் நல்ல சரக்கே கிடைக்கிறது. தீபாவளிக்கு ஒன்று வாங்கலாமா, மாப்பிள்ளைக்குப் போடலாமா என்று நம் வணிக அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். செல்போனில் மணி தெரியும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணெய்க் கையோடு செல்போனை எடுத்து மணி பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

நம் நாட்டில் கைக்கடிகாரத்தைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தது எச்.எம்.டி. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். ஜனதா, பைலட் எல்லாம் கையால் சாவி கொடுக்கும் ரகம். காஞ்சன் போன்றவை ஆட்டோமேட்டிக். பிறகு டாடா நிறுவனமும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை போட்டுப் பேட்டரிக் கடிகாரத்தில் இறங்கின. சாவி கொடுக்க வேண்டாம், நேரமும் தவறாது என்றதும் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இப்போது டைட்டனே ஆட்டோமேட்டிக்கும் விற்கிறது. வியாபாரத்தில் போன சரக்கு திரும்பி வருவது நமக்குப் புதிதல்ல.

இது ஓடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சாவிக் கடிகாரத்தில் உள்ள சுருள்வில்தான் இதிலும் இருக்கிறது. அதன் மேல் அரைவட்டமாக ஒரு கனத்த தகடு, நடுவில் ஓர் அச்சில் சுழலும்படி பொருத்தியிருக்கும். ரோட்டர் என்பார்கள். கை அசையும்போது அது சுழன்று வில்லை முறுக்குகிறது. முழுக்க முறுக்கேறிய பின் வில்லின் நுனி வழுக்கிக்கொள்ளும். ஆகவே அதிகம் ஆட்டினால் வில் அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம். முழு முறுக்கில் கழற்றி வைத்தால், நம் விலைக்குள் கிடைக்கும் பெரும்பாலான கடிகாரங்கள் 40 மணி நேரம் வரை ஓடும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் கையில் இது நன்றாக முறுக்கேறும். பொட்டலம் மடிக்கிற பையன் கையிலும் ஏறும். ஆனால் முதலாளி எங்கே இருக்கிறார்? காலை முதல் இரவு வரை கல்லாவில். இடது கை மேஜை மேல் பேரேட்டை அழுத்திக்கொண்டு கிடக்கிறது. வேலை செய்வதெல்லாம் வலது கை. இப்படிக் கட்டினால் நாள் முழுவதும் கையில் இருந்தும் வில் பாதிகூட ஏறாது. சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போட்டு, கடைக்கூட்டம் அடங்கி, இரவு பத்து மணிக்குக் கழற்றி வைக்கிறீர்கள். மொத்தக் கடைக்காரர் ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்துக் கட்டுகிறார் என்றால், இடையில் 34 மணி நேரம். முழு முறுக்கு இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும். பாதி முறுக்கு என்றால் ஞாயிறு மாலையே நின்றிருக்கும். வாங்கிய ஒரு மாதத்தில் "ரிப்பேர்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிற கடிகாரங்களில் பல இப்படிப்பட்டவைதான். அதில் கோளாறு ஒன்றும் இருக்காது, பசிதான்.

ஆகவே கல்லாவில் அமர்பவர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தேவைப்பட்டால் கையாலும் சாவி கொடுக்க முடியுமா?" என்பதே. சீகோ 5 வகை 1963 முதல் வருகிறது. பெயர் பெற்ற உறுதியான சரக்கு. ஆனால் அதன் பழைய மாடல்களில் மிகப் பலவற்றில் கையால் சாவி கொடுக்க வழியே கிடையாது. ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். 2019-க்குப் பிறகு வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ் மாடல்களில் அந்த வசதி உண்டு. சிட்டிசனின் மியோட்டா இயந்திரம் பொருத்தியவற்றில் பெரும்பாலும் உண்டு. காலையில் கட்டுமுன் இருபது, முப்பது சுற்று கொடுத்துவிட்டால் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கும் கவலையில்லை. தினமும் சாவி கொடுப்பது ஒரு சிரமமல்ல என்று நினைப்பவர், ஆட்டோமேட்டிக்கை விட்டுவிட்டுச் சாதாரண சாவிக் கடிகாரமே வாங்கலாம். உள்ளே உறுப்புகள் குறைவு, சர்வீஸ் கூலியும் குறைவு. கல்லாக்காரருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

நேரத் துல்லியத்தில் ஏமாற வேண்டாம். இந்த விலையில் வரும் ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 20 வினாடி பின்தங்கலாம் அல்லது 40 வினாடி முந்தலாம் என்பது. தினம் 40 வினாடி என்றால் மாதத்துக்கு 20 நிமிடம்! நல்ல கடிகாரம் பழக்கத்தில் இதைவிட மேலாகவே ஓடும் என்றாலும், அந்த எல்லைக்குள் இருந்தால் கியாரண்டியில் கேட்க முடியாது. நம் தராசுக்கு முத்திரை போடும்போதும் இவ்வளவு பிசகு வரை என்று ஓர் அனுமதி உண்டல்லவா, அதைப் போல. பேட்டரிக் கடிகாரமோ மாதத்துக்கே 15, 20 வினாடிதான் தவறும். துல்லியம் மட்டும் வேண்டுபவர் ஐந்நூறு ரூபாய்ப் பேட்டரிக் கடிகாரத்தோடு நிற்கலாம். ஆட்டோமேட்டிக்குக்குப் பணம் கொடுப்பது வேறொன்றுக்காக. பழுதானால் கழற்றிச் சரிசெய்யலாம். இருபது, முப்பது ஆண்டு கழித்தும் ஓட வைக்கலாம்.

கடையில் பார்க்கும்போது வினாடி முள்ளைக் கவனியுங்கள். வினாடிக்கு ஒருமுறை குதித்தால் அது பேட்டரிச் சரக்கு, முகப்பில் ஆட்டோமேட்டிக் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சரி. உண்மையான ஆட்டோமேட்டிக்கில் முள் வினாடிக்கு ஐந்தாறு சிறு அடிகளாக வழுக்கிச் செல்லும். லேசாக ஆட்டினால் ரோட்டர் சுழல்வது கைக்குத் தெரியும். எம்.ஆர்.பி.யில் 70 சதவீதம் தள்ளுபடி என்ற விளம்பரத்தின் அர்த்தத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. பில்லும், கடை முத்திரையும் தேதியும் போட்ட கியாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பழைய எச்.எம்.டி. மேல் ஆசைப்படுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அந்தக் காலத்துப் புதுச் சரக்கு, பெட்டி பிரிக்காதது" என்று மலிவாக வருபவற்றில் பெரும் பகுதி, மூன்று நான்கு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து, முகப்புக்குப் புதிதாகச் சாயம் அடித்தவை. ஓடும், ஆனால் சுத்தச் சரக்கு அல்ல. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்குகிறவர் தையலைத் திருப்பிப் பார்ப்பது போல, பூதக்கண்ணாடி வைத்து முகப்பு எழுத்தைப் பாருங்கள். ஓரம் கசிந்திருந்தாலும், கம்பெனி போட்டிராத பளபள நிறமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்பாவின் கடிகாரம் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் அதைச் சர்வீஸ் செய்து கட்டுவது எவ்வளவோ மேல்.

நம் ஊர்த் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் பறக்கும் பஞ்சும், மளிகைக் கடையில் மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும், வாஷர் கெட்ட கடிகாரத்துக்குள் புகுந்து எண்ணெயைக் கெட்டிப்படுத்திவிடும். பின்புறம் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. குளிக்க, நீந்த என்றால் 100 மீட்டர் ரகம் வேண்டும். செல்போன் உறையிலும் ஒலிபெருக்கியிலும் உள்ள காந்தத்தின் பக்கத்தில் இரவு முழுவதும் வைத்தால், நேரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கும். பயப்பட வேண்டாம், மெக்கானிக் ஒரு நிமிடத்தில் காந்தம் எடுத்துவிடுவார். தேதி காட்டும் கடிகாரத்தில் இரவு ஒன்பது மணி முதல் அதிகாலை மூன்று மணி வரை முள் நிற்கும்போது தேதியைத் திருப்பக் கூடாது. உள்ளே பல் சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

கடைசியாகச் செலவு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குபவர் அந்தக் கூலியையும் முதலிலேயே அசலில் சேர்த்துக்கொள்வது நல்லது. பேட்டரி மாற்ற ஆள் வீதிக்கு வீதி உண்டு. இதைத் திறந்து சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் திருப்பூரில் யார், கோவையில் யார், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதைப் பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம்.