மருத்துவமனைக் கணக்கும் மனநோயும்

கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், மனநோய்க்காக மருத்துவமனையிற் சேர்ந்தோர் தொகை பல நாடுகளில் குறைந்தது. நோய் குறைந்துவிட்டதென்பது இதன் பொருளன்று. நம் நாட்டில் மார்ச் 25 முதல் ஊரடங்கு, பேருந்துகள் ஓடவில்லை. எடப்பாடியிலோ இராசிபுரத்திலோ வாழும் நோயாளி சேலம் அரசு மருத்துவமனையை அடைவதே அரிதாயிற்று. தொற்றுக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கியோரும் உளர். மாத்திரை இடையில் நின்றால் அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். தறி நின்று கடனும் நெருக்கினால் நலமாயிருந்தவரும் உறக்கம் இழப்பர்.

அறுந்த இழையை உடனே முடிச்சிட்டால் துணி தப்பும். ஆதலின் அங்கத்தினர்கள் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. அது தீருமுன்னரே வாங்கி வைத்தல் நலம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலிமானஸ்’ சேவையில், 14416 என்னும் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.