பாதாளக் கரண்டி எட்டாத ஆழம்

(மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் உங்களுக்குப் பாதாளக் கரண்டி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றில் வாளி விழுந்தால் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்து. ஊரில் யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்கும், மற்ற எல்லோரும் இரவல் வாங்குவார்கள். ஆனால் ஆள் விழுந்துவிட்டால் பல சமயம் கரண்டி போதாது, ஆள்தான் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி இறங்குகிறவர் என் பெரியப்பா. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். ஃபுட் வால்வு கழற்றவும் மாட்டவும் முங்கி முங்கிப் பழகிய மூச்சு அவருக்கு. காசு வாங்க மாட்டார். "பொணம் மேல வர்ற வரைக்கும் அந்த வூட்ல அடுப்பு எரியாதுடா, அதுக்குப் போயி காசு வாங்கறதா?" என்பார்.

இதே வேலையை உலகத்தின் மிக ஆழமான நன்னீர்க் குகைகளில் ஒன்றில் செய்யப் போன தன்னார்வலர்களைப் பற்றிப் படித்தேன். நம்முடைய முதலாண்டு இயற்பியல் புத்தகத்தை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

தென்னாப்பிரிக்காவில் பூஸ்மன்ஸ்காட் என்று ஓர் இடம். மேலே பார்த்தால் நம்ம ஊர்க் கல்லுக்குழி போலச் சின்னதாகத் தண்ணீர் தெரியும். உள்ளே போனால் பாறைக்குள் விரிந்துகொண்டே போகிற குகை, ஆழம் 270 மீட்டருக்கு மேல். 1994 டிசம்பர் 17 அன்று டியான் டிரேயர் என்ற 20 வயது இளைஞர் ஸ்கூபா உபகரணத்துடன் அதில் இறங்கினார். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 2004 அக்டோபரில், டேவ் ஷா என்ற ஆஸ்திரேலிய விமானி குகையின் அடிவரை போனபோது சேற்றில் அந்த உடலைக் கண்டார். ஒரு கயிற்றை அடையாளத்துக்குக் கட்டிவிட்டு மேலே வந்தார். டியானின் பெற்றோருக்காக அதை எடுத்து வர அவரும் நண்பர் டான் ஷெர்லியும் முடிவு செய்தார்கள். இது அவர்கள் உத்தியோகமும் இல்லை, யாரும் உத்தரவு போடவும் இல்லை.

270 மீட்டர் என்பது என்ன? தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடும். 100 அடிக் கிணற்றின் அடியில் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு. நாமக்கல் லாரி டயரில் அடைக்கிற காற்று 120 பி.எஸ்.ஐ., அதாவது 8 பார். பூஸ்மன்ஸ்காட்டின் அடியில் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பாயில் விதிப்படி அங்கே ஒரு மூச்சு இழுக்க, மேலே தேவைப்படும் காற்றைப் போல ஏறக்குறைய 27 மடங்கு காற்று வேண்டும். சாதாரண ஸ்கூபா சிலிண்டர் நாலைந்து நிமிடத்தில் காலி! அதனால் விடுகிற மூச்சைச் சுண்ணாம்புக் கலவை வழியே அனுப்பி, கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிட்டு, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பச் சுவாசிக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். வெறும் காற்றும் ஆகாது. 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் குடித்தவன் போல ஆக்கிவிடும். இன்னும் ஆழத்தில் ஆக்சிஜனே விஷம். ஆகவே பெரும்பகுதி ஹீலியம்.

மேலே வருவதுதான் இன்னும் கஷ்டம். கோலி சோடாவைத் திறந்தால் புஸ்ஸென்று குமிழ் வருகிறதல்லவா? அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த வாயுவும் அவசரப்பட்டு மேலே வந்தால் அப்படித்தான் குமிழாகும். இறங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஏறுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது திட்டம். அடியில் ஐந்தே நிமிடம் வேலை. பிறகு உடலைக் கைமாற்றி மேலே அனுப்ப ஒவ்வொரு ஆழத்திலும் ஆட்கள்.

2005 ஜனவரி 8 அன்று ஷா உடலிடம் போய்ச் சேர்ந்தார். பைக்குள் வைக்க முயன்றபோது, சேற்றில் கிடந்தது மிதக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காதது. கயிறு விளக்கில் சிக்கியது. அதை விடுவிக்கப் போராடியதில் மூச்சு வாங்கியது. இங்கேதான் விஷயம். அந்த ஆழத்தில் வாயு அடர்த்தி அதிகம், இழுப்பதும் விடுவதுமே பெரிய உழைப்பு. வேகமாக மூச்சு வாங்கினால் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது. அது கூடக் கூட இன்னும் இளைக்கும், கடைசியில் மயக்கம். அவர் தலையில் இருந்த கேமரா இத்தனையையும் பதிவு செய்திருந்தது.

அவரைத் தேடி இறங்கிய ஷெர்லியின் சுவாசக் கருவியின் மின்னணுப் பகுதி ஆழத்தின் அழுத்தத்தில் விரிசல் விட்டது. கையாலேயே இயக்கிக்கொண்டு, காதுக்குள் குமிழ் புகுந்து தலைசுற்றலும் வாந்தியுமாக, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரிலேயே இருந்து உயிர் பிழைத்தார். நான்கு நாள் கழித்துக் கயிறுகளை மேலே இழுத்தபோது ஷாவின் உடல் வந்தது. அதோடு கயிற்றில் சிக்கியபடி டியானின் உடலும்.

செத்தவருக்காக உயிரோடு இருப்பவர் போகலாமா என்று ஹாஸ்டலில் இரண்டு ராத்திரி சண்டை போட்டோம். என் கட்சி பெரியப்பா கட்சி. அவர் உயிர் இருக்கலாம் என்றால் யோசிக்க மாட்டார். பிணம் என்று தெரிந்தால் தன் மூச்சுக்கு எட்டுகிற ஆழம் வரைதான். அதற்கு மேல், "மோட்டார் வெச்சுத் தண்ணிய எறைங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். பாழுங்கிணறு என்றால் முதலில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார். அணைந்தால் இறங்க மாட்டார். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், ஆக்சிஜன் இருக்காது. சாக்கடைத் தொட்டியில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை விளக்கு காட்டிக் கொடுக்காது என்பதை நான் படித்துத்தான் அவருக்குச் சொன்னேன். ஒருவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மூன்றாமவர் என்று வரிசையாகச் சாகிற செய்திகளை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவில் வெள்ளம் புகுந்த நிலக்கரிச் சுரங்கத்தில் 15 பேர் சிக்கியபோது கடற்படை முக்குளிப்பாளர்களும் பெரிய பம்புகளும் போயின. 2019 ஜனவரியில் முதல் உடலைக் கண்டது கேமரா பொருத்திய, மேலிருந்து இயக்கும் கருவி.

அதைப் படித்த பிறகு எங்கள் நான்கு பேருக்கு ஒரு யோசனை. இறுதியாண்டு புராஜெக்டாக, 100 அடிக் கிணற்றில் இறங்குகிற கேமரா. விளக்கு, கேபிள், பி.வி.சி. குழாயில் உறை. எல்லாம் சேலம் கடைவீதியிலேயே கிடைக்கும். 3 பார் அழுத்தத்தில் கேபிள் நுழைகிற இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைப்பதுதான் தலைவலியாக இருக்கிறது. ஓ-ரிங், கிளாண்ட் பற்றி விவரம் தெரிந்த சீனியர்கள், சப்மெர்சிபிள் மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் யாராவது இருந்தால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். சோதனைக்குக் கிணறு தயார்.