அரம் பிடித்த கையும் அர்டுயினோ பிடித்த கையும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு என்றாலே ஒர்க்‌ஷாப்பும் டிராயிங் ஹாலும்தான். ஃபிட்டிங், கார்பென்ட்ரி, ஷீட் மெட்டல், வெல்டிங் என்று வாரம் ஒரு பிரிவாகச் சுற்றி வருவார்கள். ஃபிட்டிங்கில் இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டத்தோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். 'வி' வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்தால்தான் மதிப்பெண். டிராயிங் ஹாலில், பலகையில் டிராஃப்டரை மாட்டி, சாய்ந்து நிற்கும் கூம்பின் தோற்றங்களை வரைவார்கள்.

அந்தப் பயிற்சி வீண் இல்லை. அரை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்பது கைக்குத் தெரிந்தது. இரும்பு எளிதில் இணங்காது என்பதும் தெரிந்தது. ஆனால் அளவு, வடிவம், பொருள் எல்லாம் முன்பே முடிவாகி இருந்தன. சொந்தமாக ஒன்றை வடிவமைக்கப் பெரும்பாலோர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வரை காத்திருந்தார்கள்.

இன்று பல கல்லூரிகளில் முதலாண்டிலேயே குழுவாக ஒரு கருவி செய்யச் சொல்கிறார்கள். 2005-இல் இத்தாலியில் பிறந்த அர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை இதை மலிவாக்கியது. சென்னை ரிச்சி தெருவில் சென்சாரும் மோட்டாரும் வாங்கி, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மண்ணின் ஈரம் பார்த்துத் தானாக நீர் பாய்ச்சும் கருவியை ஓட்டிக்காட்டுகிறார்கள். இது பெரிய முன்னேற்றம்.

ஆயினும் ஒரு குறை அப்படியே தொடர்கிறது. அன்று அந்தத் தகடு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. இன்று அந்தக் கருவி யாருக்கு என்றும் பலர் கேட்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் சர்க்யூட்டும் புரோகிராமும் ஒன்றே என்பதால், ஒரே கருவி கல்லூரிக்குக் கல்லூரி மேடை ஏறுகிறது.

மாற்று வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2007 முதல் முதலாண்டு மாணவர்களுக்கென ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்துகிறது. உண்மையான ஓர் ஊரின் தேவைகளை முன்வைத்து, குடிநீர், கழிப்பறை, வீடு, மின்சாரம் போன்றவற்றுக்குத் தீர்வு கேட்கிறது. 2011-இல் அப்படி முன்வைத்தது தமிழ்நாட்டின் தேவிகுளம் என்ற சிற்றூரை. கடல் கடந்த மாணவர்கள் நம் ஊரின் தேவைக்கு வடிவமைத்தார்கள். நம் மாணவர்களுக்கோ அத்தகைய ஊர்கள் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரத்தையும் அர்டுயினோவையும் சேர்த்தே கொடுங்கள். பூக்கட்டுபவரிடமோ, கல்லூரிச் சமையற்கூடத்திலோ, பக்கத்துத் தோட்டத்திலோ முதலில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் மாதிரி உடைந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஏன் உடைந்தது என்று எழுதியதற்கு மதிப்பெண் போடுங்கள். பொறியியல் அங்கேதான் தொடங்குகிறது.