காப்புறுதிக் காசு எந்தக் கணக்கில்?

மடுவுக்கு இடம்பெயர்ந்தபோது அம்மா நகையோடு சேர்த்துச் சேலையில் முடிந்து கொண்டுபோனது ஒரு காப்புறுதிப் பத்திரம். அதனாலோ என்னவோ, காப்புறுதி நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் கடைசிப் பக்கக் குறிப்புகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நிறுவனங்கள் எங்கள் காசை யூனிட் ட்ரஸ்ட் போன்ற வேறு அமைப்புகளிலும் போடுகின்றன. அந்த அமைப்பு யாருடையது? எத்தனை வீதப் பங்கு என்று பார்த்தால் மட்டும் போதாது.

பேசாலைக் கரையில் ஒரு படகை எடுங்கள். பதிவு ஒருவர் பெயரில். எஞ்சினுக்கும் வலைக்கும் முதல் போட்டவர் சம்மாட்டி. எங்கே வலை விடுவது என்று சொல்பவரும் அவர்தான். மீன் பட்டால் பெரும்பங்கு அவருக்கு, படாவிட்டால் நட்டமும் அவர் தலையில். படகு யாருடையது என்று கரையில் கேட்டுப்பாருங்கள்.

அமெரிக்காவில் 2001இல் என்ரோன் விழுந்தபோது, கடன்கள் இப்படிப் பிற அமைப்புகளின் பெயரில் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 2003இல் அங்கே ‘மாறுபடும் நலன் அமைப்பு’களுக்கு விதி வந்தது. இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 10உம் இதையே கேட்கிறது: முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? ஏறி இறங்கும் வருமானம் யாருக்கு? அந்த அதிகாரத்தால் அந்த வருமானத்தை மாற்ற முடியுமா? விடை காப்புறுதி நிறுவனம் என்றால், அமைப்பின் சொத்தும் கடனும் முழுதாக அதன் குழுமக் கணக்கில் ஏற வேண்டும்.

இல்லையென்றால் முதலீடு என்ற ஒற்றை வரிதான். அப்போதும், வாக்குரிமையால் ஆளப்படாத அமைப்பானால், ஆகக்கூடிய நட்டம் எவ்வளவு என்று நியமம் 12இன்படி குறிப்பில் சொல்ல வேண்டும். நான் தேடுவது அந்தத் தொகையைத்தான். அது ஆங்கிலத்தில் கிடப்பதுதான் அம்மாவுக்குக் கோபம்.